மூணு ரேக் வித்தியாசம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் ஒரு மாமாவும் மருமகனும் இருக்கிறார்கள். மாமா பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மருமகன் அவருடைய அக்கா பையன். இன்ஜினீயரிங் மூன்றாவது வருஷம். காலேஜ் பக்கத்தில் என்பதால் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர: நைன் பால் பூல்.

2000களின் தொடக்கத்தில் ராத்திரி வேளைகளில் இ.எஸ்.பி.என்., ஸ்டார் ஸ்போர்ட்ஸில் ஆசிய நைன் பால் போட்டிகளைக் காட்டுவார்கள். தூக்கம் வராமல் சானல் மாற்றிக்கொண்டே போன மாமா அதில் மாட்டிக்கொண்டவர். பையன் செல்போனில் பார்த்து வளர்ந்தவன். ஆட்டம் ஒன்றுதான், சாமி வேறு. மாமாவுக்குப் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ். பையனுக்கு அமெரிக்காவின் ஷேன் வான் போனிங்.

போன வாரம் மொட்டை மாடியில் சண்டை முற்றி, 'சார், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க, யார் கிரேட்?' என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். 'ஒரு வாரம் டயம் கொடுங்கள்' என்று தப்பித்து வந்தேன். அந்த ஒரு வாரம் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. நீங்கள் பூல் டேபிளைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்றாலும் பரவாயில்லை. சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று வாழ்க்கையில் ஒருமுறையாவது சண்டை போட்டவர்தானே நீங்கள்? அது போதும்.

முதலில் ஆட்டம். பச்சையோ நீலமோ துணி விரித்த டேபிள், ஆறு பாக்கெட். ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்ட பந்துகள், அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். டேபிளில் இருப்பதிலேயே சின்ன நம்பர் பந்தை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு எது விழுந்தாலும் சரி. ஒன்பதாம் நம்பரை முறையாகப் போட்டவருக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று.

இதிலுள்ள விபரீதத்தைக் கவனித்தீர்களா? ஒருவர் ஒன்றிலிருந்து எட்டு வரை அத்தனை பந்தையும் அழகாகப் போடுகிறார். ஒன்பது மட்டும் பாக்கெட் வாயில் நின்றுவிடுகிறது. அடுத்தவர் எழுந்து வருகிறார், தட்டுகிறார், முடிந்தது. எட்டு போட்டவருக்குப் பூஜ்யம், ஒன்று போட்டவருக்கு வெற்றி. முதல் அடியிலேயே ஒன்பது தானாக உருண்டு விழுந்தாலும் ரேக் கணக்கில் ஏறிவிடும்.

ஆக, ஜெயிப்பதும் நன்றாக ஆடுவதும் ஒன்றல்ல என்பதைத் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிற ஆட்டம் இது. நிறைய ரேக் ஆடினால் அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் 11, 13, 17 என்று வைத்து ஆடுகிறார்கள். சமமாகிறதா? அதற்குப் பிறகு வருகிறேன்.

பையனின் கட்சியை முதலில் கேட்போம். 'மாமா, கணக்குப் பாருங்க. யு.எஸ். ஓப்பன் நைன் பால் ஷேன் அஞ்சு தடவை ஜெயிச்சிருக்காரு. 2007, 2012, 2013, 2014, 2016. உங்க ஆளு 1994-ல ஒரே ஒரு தடவை.'

'கணக்குப் பாக்குறதை விட்டுட்டுத்தான்டா ரிட்டயர் ஆனேன்' என்கிறார் மாமா.

பையன் சொல்வது பொய்யில்லை. இன்னொன்றும் சொல்கிறான். ஷேனுக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. ஹியரிங் எய்ட் போட்டு ஆடுபவர். உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் 2015-ல் தோற்றார், 2016-ல் மறுபடி தோற்றார். 2022-ல், தன்னை 2016-ல் தோற்கடித்த அதே ஆல்பின் அவுஷானை ஃபைனலில் வென்று பட்டம் வாங்கினார். அப்போது வயசு 38. இது கிரேட் இல்லை என்றால் வேறு எது?

சரி, எண்ணியே தீர்ப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் தகராறு. உலக நைன் பால் சாம்பியன்ஷிப் 1990-ல்தான் ஆரம்பித்தது. முதல் சாம்பியன் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லாண்ட். அவரே 1991-லும் 2002-லும் வென்றார். யு.எஸ். ஓப்பனும் ஐந்து முறை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் ஷேனுக்கும் ரேயஸுக்கும் முன்னால் ஸ்டிரிக்லாண்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மாமாவும் பையனும் இரண்டு பேருமே அவுட்.

இன்னும் இருக்கிறது. ரேயஸ் உலகப் பட்டம் வென்றது 1999-ல், வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில். அதே வருஷம் ஸ்பெயினின் அலிகாந்தேயில் இன்னொரு உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் ஜெயித்தவர் நிக் வார்னர். ஒரே வருஷத்துக்கு இரண்டு உலக சாம்பியன்கள். பிற்பாடு இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எண் என்றால் கறாரானது என்று நினைக்கிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒரு அறையில், நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேர் முடிவெடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், ஆலிசன் ஃபிஷர். இங்கிலாந்தில் ஸ்னூக்கர் ராணியாக இருந்துவிட்டு 1995-ல் அமெரிக்காவுக்குப் போய் நைன் பாலுக்கு மாறியவர். பெண்கள் பிரிவில் உலகப் பட்டம் நான்கு முறை: 1996, 1997, 1998, 2001. 'எண்ணிப் பாருங்க' என்று சொல்கிற பையனும் இந்தப் பெயரைச் சொல்லவில்லை, 'ஆட்டத்தைப் பாரு' என்று சொல்கிற மாமாவும் சொல்லவில்லை. பட்டியல் போடும்போது யாரைத் தள்ளுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. தெரிந்து தள்ளினாலாவது வாதாடலாம்.

அந்தப் பக்கம் லூதர் லாசிட்டர் என்று ஒருவர் நிற்கிறார். 1918-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுக நகரத்தில், கடற்படைக்காரர்களின் சம்பளப் பணம் புரண்ட பூல் கூடங்களில், பணயம் வைத்து நைன் பால் ஆடியவர். அவரைப் போல் யாரும் ஆடியதில்லை என்று பார்த்த பெரியவர்கள் சத்தியம் செய்தார்கள். ஆனால் உலகப் பட்டம்? நைன் பாலில் அப்படி ஒன்று அப்போது கிடையவே கிடையாது. அது காசுக்கு ஆடுகிற ஆட்டம், மரியாதைப்பட்ட ஆட்டம் இல்லை. 1990-ல் பட்டம் வந்தபோது அவர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணக்குப் பார்த்தால் அவர் பூஜ்யம்!

எண்ணிக்கை வேண்டாம், நேருக்கு நேர் மோதவிட்டால் தெரிந்துவிடாதா? மோதவிட்டிருக்கிறார்கள். 1996, ஹாங்காங். ரேயஸும் ஸ்டிரிக்லாண்டும். யார் முதலில் 120 ரேக் எடுக்கிறாரோ அவருக்கு ஒரு லட்சம் டாலர். தோற்றவருக்கு ஒன்றும் கிடையாது. மூன்று நாள் ஆடினார்கள்.

முடிவு என்ன தெரியுமா? 120-117.

மொத்தம் 237 ரேக். வித்தியாசம் மூன்று. ஜெயித்தவர் ரேயஸ். மாமா இதைச் சொல்லும்போது மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொள்வார். ஆனால் நாம் கொஞ்சம் நின்று யோசிப்போம். 237-ல் இரண்டே இரண்டு ரேக்குகளில் பந்து ஒரு அங்குலம் தள்ளி உருண்டிருந்தால் எதிர்ப்பக்கம் 119 ஆகியிருக்கும், இந்தப் பக்கம் 118. ரேயஸுக்கும் ஸ்டிரிக்லாண்டுக்கும் நடுவில் இருப்பது திறமையா, துணியில் ஒட்டிய ஒரு தூசியா? அந்த மூன்று ரேக்குக்காக ஒருவரை 'மேதை' என்றும் இன்னொருவரைத் 'தோற்றவர்' என்றும் சொல்வது நியாயமா?

ஆட்டத்தை அளக்க ஒரு கணக்குமுறைகூட வைத்திருக்கிறார்கள். போட்ட பந்துகளோடு செய்த தப்புகளைக் கூட்டி, அந்தத் தொகையால் போட்ட பந்துகளை வகுப்பது. 90 பந்து போட்டு 10 தப்புச் செய்தால் .900. அதைத் தாண்டினால் உலகத் தரம். நல்ல முறைதான். ஆனால் இப்போது மாமாவின் கட்சியைக் கேளுங்கள்.

1995, அமெரிக்காவின் ரீனோ நகரம். அதே ரேயஸ், அதே ஸ்டிரிக்லாண்ட். 13 ரேக் எடுத்தால் வெற்றி. ஸ்கோர் 12-12. கடைசி ரேக். ஐந்தாம் நம்பர் பந்தைத் தொட வேண்டிய நேரத்தில் அது மறைந்து நிற்கிறது, வெள்ளைப் பந்திலிருந்து நேர் வழியே இல்லை. ஸ்டிரிக்லாண்ட் வேண்டுமென்றே அப்படிப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தொட்டாலே பெரிய விஷயம்.

ரேயஸ் வெள்ளைப் பந்தை எதிர்த்திசையில் குஷனில் அடித்தார். அது அங்கே மோதி, எதிர்க் குஷனில் மோதி, ஆங்கில எழுத்து இஸட் மாதிரி வளைந்து வந்து ஐந்தைத் தொட்டது. தொட்டது மட்டுமல்ல, பாக்கெட்டில் போட்டது. போட்டது மட்டுமல்ல, அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் போய் நின்றது. அந்த ரேக்கும் ஆட்டமும் அவருக்கு.

'பாக்கும்போது எனக்கு அழுகையே வந்துருச்சு சார்' என்கிறார் மாமா. இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் வருகிறதாம்.

அந்த அடி கணக்குப் புத்தகத்தில் எப்படி ஏறும்? ஒரு பந்து. பாக்கெட் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற பந்தைக் குழந்தை தட்டிவிட்டாலும் ஒரு பந்து. கணக்கு பொய் சொல்லவில்லை. அது எதை எண்ண வந்ததோ அதைத்தான் எண்ணும். மற்றதை அது எண்ணவில்லை என்பதால், மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

அப்படியானால் மாமா ஜெயித்துவிட்டாரா? அவசரப்படாதீர்கள். மாமாவின் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது.

ரேயஸ் அடக்கமானவர், சிரித்த முகம், தோற்றாலும் தலையைச் சொறிந்துகொண்டு போவார். ஸ்டிரிக்லாண்ட் கோபக்காரர், ஆட்டத்தின் நடுவில் நடுவரோடு வாதாடுவார், கூட்டத்தைப் பார்த்துக் கத்துவார். 'குணம் வேணும் சார், குணம் இல்லாம என்ன கிரேட்?' என்பது மாமாவின் வாதம். ஒத்துக்கொள்ளத் தோன்றுகிறது இல்லையா?

ஆனால் 1985-ல் நடந்ததைப் பாருங்கள். ரேயஸ் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு ஆட வருகிறார். மணிலாவில் பயங்கரமான ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று அவர் பெயர் அதற்குள் அங்கே பரவியிருந்தது. அதனால் 'சீசர் மொராலஸ்' என்று பொய்ப் பெயரில் போட்டியில் இறங்கினார். ஜெயித்துக் கோப்பையும் வாங்கினார். மாமா இதை ராமாயணக் கதை மாதிரி ரசித்துச் சொல்வார். 'எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க!'

இதையே ஸ்டிரிக்லாண்ட் செய்திருந்தால்? 'ஃபிராடு' என்றிருப்போம். நமக்குப் பிடித்தவர் செய்தால் சாதுரியம், பிடிக்காதவர் செய்தால் பித்தலாட்டம். கோபத்துக்கு மார்க் குறைக்கிற நாம் பொய்ப் பெயருக்கு ஏன் குறைக்கவில்லை? குணம் பார்க்கிறோம் என்கிறோம். உண்மையில் முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்குத் தகுந்த மாதிரி குணத்தைத் தேடுகிறோம்.

அந்தக் கோபக்கார ஸ்டிரிக்லாண்ட் 1996-ல் டல்லாஸில் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். எதிராளிக்கு வாய்ப்பே தராமல் தொடர்ந்து பத்து ரேக் முடித்தால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள். யாராலும் முடியாது என்ற தைரியம். மனிதர் பதினொன்று முடித்துவிட்டார். பணம் தருவதில் இன்ஷூரன்ஸ் தகராறு வந்தது தனிக் கதை. யோசித்துப் பாருங்கள், அந்தப் பதினோரு ரேக்கும் அவருக்குக் கோபமே வராதது மாதிரி கை நின்றிருக்கிறது!

இந்தச் சண்டையைப் பற்றி ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதியே இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? டபிள்யூ.பி. காலி என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர். 1956-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை விளையாட்டைச் சொல்கிறார். பந்து உருட்டுகிற ஆட்டம். ஒரு டீம் வேகத்தில் கெட்டி, ஒரு டீம் சுழற்றுவதில் கெட்டி, இன்னொன்று நேர்க்கோட்டில் கெட்டி. முடிவு சொல்ல நடுவர் கிடையாது. யார் ஆட்டத்தை உண்மையிலேயே நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள்தான் சாம்பியன். ஒவ்வொரு டீமின் ரசிகர்களும், 'எங்க ஆளுங்க ஆடறதுதான்யா நிஜமான ஆட்டம்' என்பார்கள்.

இந்தச் சண்டை தீராது என்கிறார் காலி. ஆனால் தீராது என்பதால் வெட்டிச் சண்டையும் இல்லை என்கிறார். ஜனநாயகம், கலை இந்த மாதிரி வார்த்தைகள் எல்லாமே இப்படிப்பட்டவைதான். நல்ல காரணங்களோடு, முடிவில்லாமல், மனிதர்கள் இவற்றின் அர்த்தத்துக்காக வாதாடிக்கொண்டே இருப்பார்கள். அப்படி வாதாடுவதால்தான் அவை தேய்ந்துபோகாமல் இருக்கின்றன. எதிர்க்கட்சிக்காரன் நமக்குத் தேவை. அவன் இல்லாவிட்டால் நம் அளவுகோல் பாதிதான் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

இதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மாமாவிடமும் பையனிடமும் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. பேச்சு எங்கோ போய் நின்றது. மாமா வழக்கம்போல, 'பட்டத்தையெல்லாம் எண்ணிக்கிட்டிருக்கக் கூடாதுடா. கை அசையற அழகைப் பாக்கணும். எண்ணுறவனுக்கு ஆட்டம் புரியாது' என்றார்.

பையன் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

'ரேயஸுக்கு மட்டும் அழகு பாக்கறீங்க மாமா. எனக்கு மட்டும் மார்க்கு பாக்கறீங்க.'

யாரும் பேசவில்லை.

உங்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். பையனுக்கு இரண்டு அரியர் இருக்கிறது. மாமாவின் சொந்தப் பிள்ளை எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கி வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் அந்த ஒப்பீடு தினமும் ஒரு கரண்டி பரிமாறப்படும் என்பது எங்கள் பிளாக்குக்கே தெரியும். எங்கள் பிளாக்குக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், மோட்டார் மக்கர் பண்ணினாலும் லிஃப்ட் பாதியில் நின்றாலும் எலெக்ட்ரீஷியனுக்கு முன்னால் எல்லோரும் தேடுவது இந்தப் பையனைத்தான். பழைய மிக்ஸியைக் காதருகே வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்வான். அதற்கு எந்த செமஸ்டரிலும் மார்க் கிடையாது.

ரேயஸ் ஐந்து வயதில் சொந்த ஊரை விட்டு மணிலாவில் தன் அங்கிளிடம் வந்து வளர்ந்தவர். அந்த அங்கிள் பூல் கூடம் வைத்திருந்தார். கடை மூடிய பிறகு பையன் பூல் டேபிள் மேலேயே படுத்துத் தூங்குவானாம். 'அங்கிள்னா மாமாதான் சார்' என்பது நம் மாமா அடிக்கடி பெருமையோடு செய்யும் மொழிபெயர்ப்பு. அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, 'சாப்பிட வாடா' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

மாமாவை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. நாம் எல்லோரும் இரண்டு தராசு வைத்திருப்பவர்கள்தான். தூரத்தில் இருப்பவரை அழகால் அளக்கிறோம். வீட்டில் இருப்பவரை எண்ணால் அளக்கிறோம். நடிகனின் தோல்விப் படத்தில்கூட ஒரு காட்சியைத் தேடிப்பிடித்துப் பாராட்டுகிறோம். பெண்டாட்டி வைத்த ரசத்தில் உப்பை மட்டும் எண்ணுகிறோம். அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் மனுஷனால் இருக்க முடியாது. எந்த அளவுகோலை எடுத்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு அளக்கலாம். அதே அளவுகோலை எல்லோருக்கும் வைக்கலாம். அது எதை எண்ணாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

தீர்ப்பு எங்கே என்கிறீர்களா? தப்பிக்க மாட்டேன். என் அளவுகோல் இது: இவர் பிறக்காமலே போயிருந்தால் நாம் எதைப் பார்க்காமல் போயிருப்போம்? சாதனைகளை அடுத்தவர் வந்து முறியடித்துவிடுவார். ஆனால் முடியாது என்று எல்லோரும் நினைத்ததை ஒருவர் முடியும் என்று காட்டிவிட்டால், அப்புறம் அது எல்லோருக்கும் சொத்து. மறைந்து நிற்கிற பந்தைக் குஷனில் அடித்துத் தேடிப் பிடிப்பது என்பது குருட்டாம்போக்கு இல்லை, அது ஒரு கலை என்று உலகத்துக்குக் காட்டியவர் ரேயஸ். இன்றைக்கு ஆடுகிற பையன்கள் எல்லோருமே அதில் கொஞ்சம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அதனால் என் ஓட்டு அவருக்கு. இந்த அளவுகோலில் ஸ்டிரிக்லாண்டின் பதினோரு ரேக்குக்கும் இடம் உண்டு, சத்தம் கேட்காத உலகத்திலிருந்து வந்து 38 வயதில் ஜெயித்த ஷேனுக்கும் இடம் உண்டு. சொல்லப்போனால், 'கிரேட்' என்று நான் சொல்வது ரேங்க் இல்லை, நன்றி.

2022 மே மாதம் வியட்நாமின் ஹனோயில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகள் நடந்தன. ரேயஸுக்கு அப்போது 67 வயது. கேரம் பில்லியர்ட்ஸில் ஆடி வெண்கலம் வாங்கினார். மூன்றாவது இடம். அரங்கம் நிறைந்து வழிந்தது. அத்தனை பேரும் அங்கே மூன்றாவது இடத்தையா பார்க்கப் போனார்கள்?

நேற்றுக் காலையில் மாமா லிஃப்டில் பார்த்தார். தீர்ப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. 'நம்ம பையன் பழைய வாஷிங் மெஷின் மோட்டார்ல என்னமோ பண்ணி வெச்சிருக்கான் சார், சாயங்காலம் வந்து பாருங்க' என்றார்.

'நம்ம பையன்' என்று அவர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.